தண்ணீருக்கும் முதல் வேண்டும்



தண்ணீருக்கும் நம் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பதில் தெரியும். குழாய் வறண்ட மாதத்தில் கூலிக்காரர் வீட்டுப் பணம் தண்ணீருக்கே போய்விடுகிறது. நம் பற்று நோட்டில் பாக்கி ஏறுகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை.

குழாய் பதிக்கப் பெரிய முதல் வேண்டும். சிறிய நகராட்சி தனியாகக் கேட்டால் கடன் கொடுப்பவர் தயங்குவார். இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி கண்டார்கள். 2002-ல் தண்ணீர், சுகாதாரப் பணிகளுக்கென ஒரு தொகுப்பு நிதியம் அமைந்தது. மாதவரம், அம்பத்தூர் உள்ளிட்ட 13 உள்ளாட்சிகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்துக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். தொகை ரூ.30.41 கோடி, வட்டி 9.20 சதவீதம், தவணை 15 ஆண்டு.

இதைக் ‘கலப்பு நிதி’ என்கிறார்கள். நமக்குப் புதிதல்ல. சில்லறைக் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு லாரி சரக்கு எடுக்க, பெரிய கை ஒருவர் ஜாமீன் நிற்பது போலத்தான். இங்கே அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு ஜாமீன் நின்றது. தவணை தவறினால் கொடுக்க மாநில அரசு தனி நிதி வைத்தது. உள்ளாட்சிக்கு வரவேண்டிய அரசுப் பங்கில் பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள்.

ஆனால் ஜாமீன் கிடைத்ததால் கடன் தானமாகிவிடாது. வட்டியும் அசலும் கடைசியில் வரியிலும் தண்ணீர்க் கட்டணத்திலும்தான் வந்து விழும். அந்த யு.எஸ்.எய்டும் 2025 ஜூலையோடு உதவிப் பணிகளை நிறுத்திவிட்டது. இனி நம் காலில்தான் நாம் நிற்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். காட்டுப்பள்ளியில் தனியார் முதலில் கட்டிய கடல்நீர் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். குடிநீர் வாரியத்துக்கு அப்போதைய ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு ரூ.48.66. இருபது லிட்டர் கேனுக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை! குழாய்ச் செலவு தனி என்றாலும், ஏழை கேனுக்குக் கொடுப்பது இதைப் போலப் பல மடங்கு. குழாய் எட்டாத தெருவில் இருப்பவர்தான் அதிக விலை கொடுக்கிறார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: இலவசமாக வரும் மானியப் பணம் முதலில் அந்தத் தெருக்களுக்குப் போகட்டும். வட்டிக்கு வாங்கும் பணத்தை, கட்ட முடிந்த நம்மைப் போன்றவர்கள் சுமப்போம். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டுவோம்; கணக்கையும் ஒழுங்காகக் கேட்போம். வாடிக்கையாளர் வீட்டில் தண்ணீர் இருந்தால்தான் நம் கடையில் அரிசி விற்கும்.