மலைநாடு ஈந்த பந்துவீச்சாளர்

அட்டனிலோ நுவரெலியாவிலோ தோட்டத்துச் சிறுவன் ஒருவன் பந்தைச் சுழற்றி எறிந்தால், முரளிதரனின் பெயரே நம் நாவில் முதலில் எழும். முத்தையா முரளிதரன் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தும் அப்புகழ் மங்கவில்லை. அஃது ஈட்டப்பட்ட வழியை நம் மாணவர் அறிதல் நன்று.

அவர்தம் பாட்டனார் 1920 ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். தந்தையாரோ கண்டிக்கருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் அது தீக்கிரையாயிற்று. அப்போது முரளிதரனுக்கு ஐந்து வயது. பின்னர், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிவந்த அவரை, 14 ஆம் வயதில், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்தின்பால் திருப்பினார். நல்லாசிரியர் ஒருவரின் சொல் வாழ்வையே மாற்றிற்று எனலாம்.

1992 இல் டெஸ்ட் ஆட்டத்திற் புகுந்தார். 1995 டிசம்பரில் மெல்பேர்ன் நகரில், நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துவீச்சு முறையற்றதென 7 முறை அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அவருடையது. அவர் சினந்து விலகவில்லை. அறிவியற் சோதனைகளுக்குத் தம்மை உட்படுத்தினார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்கவும் அரணாக நின்றார். 1998 இல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில், ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகள்! 2010 ஜூலை 22 அன்று காலியில், தம் 133 ஆவது டெஸ்டில், 800 ஆவது விக்கெட்டுடன் விடைபெற்றார். அவ்வெண்ணை இன்றளவும் வேறெவரும் எட்டவில்லை.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய சட்டம் வந்ததோ 2003 இல். அதற்கு 11 ஆண்டுகள் முன்னரே, அச்சமூகத்தின் பெயரன் ஒருவர் நாட்டுக்காக ஆடத் தொடங்கிவிட்டார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே அவரைப் போற்றினர். சட்டம் தயங்கிய இடத்தில் ஆடுகளம் முந்திக்கொண்டது.

ஆயினும், புகழ் பாடுவதோடு நாம் அமைதல் ஆகாது. முரளிதரன் லயத்து அறையிலிருந்து நேரே ஆடுகளம் ஏறியவர் அல்லர். தந்தையின் தொழில், நகரத்துக் கல்லூரி, மைதானம், பயிற்சியாளர் ஆகிய நான்கும் அவருக்குத் துணைநின்றன. சரிவான கொழுந்து மலையில் சமநிலமே அரிது. அங்குள்ள சிறுவனுக்கு இவற்றுள் எத்தனை கிட்டும்? திறமை மலையெங்கும் விளைகிறது; வாய்ப்பு அவ்வாறு விளைவதில்லை.

தோட்டப் பள்ளிதோறும் ஒரு சிறு மைதானமும், மாணவனை உற்றுநோக்கும் ஓர் ஆசிரியரும் அமைதல் வேண்டும். முரளிதரனுக்கு மலைநாடு செலுத்தக்கூடிய சிறந்த மரியாதை அதுவேயன்றோ!