அவரைக்கும் உண்டு ரத்தப் பரிசோதனை!
நாட்டு விதை அழிந்தால் நமக்கென்ன நஷ்டம்?

புதுச்சேரி கோரிமேடு என்றதும் ஜிப்மர் மருத்துவமனை நினைவுக்கு வரும். அங்கே நோயாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இருவருக்கு ரத்தம் வேறு வகையாக இருக்கலாம்.

செடி கொடிகளும் அப்படித்தான். நாம் தினமும் பொரியல் செய்யும் அவரையைப் பாருங்கள்.

எத்தனை நிறம்!

ஒரு கொடியில் வெள்ளைப் பூ. இன்னொன்றில் ஊதாப் பூ. ஒன்றில் காய் தட்டை, மற்றொன்றில் திரட்சி. விதையிலும் வெள்ளை, பழுப்பு, கறுப்பு என்று பல நிறம். பொங்கல் குழம்புக்குப் போடும் மொச்சையும் அவரை இனம்தான்.

அவரையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கடையில் வாங்கும் "பீன்ஸ்" வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

நாட்டு அவரையும் கடை விதையும்

நாட்டு அவரையை ஆடியில் ஊன்றுவார்கள். பகல் பொழுது குறைந்த பிறகே அது பூக்கும். பந்தல் வேண்டும். பல மாதம் காய்க்கும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 13, கோ 14 போன்ற செடி அவரைகளைத் தந்தது. இவற்றுக்குப் பந்தல் வேண்டாம். சீக்கிரம் காய்க்கும். விவசாயிக்கு லாபம்தான்.

பிறகு நாட்டு விதை எதற்கு?

அமெரிக்கா கற்ற பாடம்

1970-ல் அமெரிக்காவில் மக்காச்சோளத்தைப் பூஞ்சை நோய் தாக்கியது. அங்கே வயல்களில் பெரும்பாலும் ஒரே வழியில் வந்த பயிர். ஒன்றைப் பிடித்த நோய் எல்லாவற்றையும் பிடித்தது. விளைச்சலில் சுமார் 15 சதவிகிதம் போயிற்று!

பல வகை இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றொன்று நிற்கும். நோயைத் தாங்கும் குணம் எந்த வீட்டு வேலிக்கொடியில் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டார்கள்?

எப்படிச் சோதிக்கிறார்கள்?

விஞ்ஞானிகள் முதலில் பல ஊர் விதைகளைச் சேர்த்து ஒரே நிலத்தில் விதைக்கிறார்கள். பூ, காய், விதை, பூக்கும் நாள் எல்லாவற்றையும் குறிக்கிறார்கள். பிறகு இலையிலிருந்து "டி.என்.ஏ." என்ற மரபுப்பொருளை எடுத்து ஒப்பிடுகிறார்கள். இதுதான் செடியின் "ரத்தப் பரிசோதனை". எது எதற்கு நெருங்கிய உறவு, எது தூரத்து உறவு என்று தெரிந்துவிடும். பெயர் இரண்டாக இருந்தும் வகை ஒன்றாக இருப்பதுண்டு. பெயர் ஒன்றாக இருந்தும் வகை வேறாக இருப்பதும் உண்டு.

டில்லியில் 1976-ல் ஏற்பட்ட தேசியப் பயிர் மரபுவள நிலையத்தில் விதைகளை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி குளிரில் காக்கிறார்கள். கோரிமேட்டுக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் "பெபிள் கார்டன்" என்ற தோட்டம், நாட்டுக் காய்கறி விதைகளை வளர்த்துக் காக்கிறது.

நீங்களும் செய்யலாம்

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே இந்த ஆண்டு எடுத்த விதை, அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே காயைத் தரும். நல்ல கொடியில் சில காய்களைப் பறிக்காமல் முற்றவிடுங்கள். நெற்று காய்ந்ததும் விதையை உலர்த்தி, சாம்பல் கலந்து வையுங்கள். வண்டு அண்டாது.

2001-ம் ஆண்டுச் சட்டப்படி, விதையைச் சேமிக்கவும், பக்கத்து நிலத்தாரோடு மாற்றிக் கொள்ளவும் விவசாயிக்கு உரிமை உண்டு.

பாட்டி கொடுத்த விதை அடுக்களைப் பானையில் கிடந்தால், வரும் ஆடியில் ஊன்றுங்கள். ஊன்றாத விதை சில ஆண்டுகளில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அந்த வகை வேறு எங்கும் இல்லையென்றால், அதோடு அதன் வம்சமே முடிந்துவிடும்!