விடை கிடைக்காத கேள்வியும் இறைநம்பிக்கையும்

1826 ஏப்ரல் 3, திங்கள்கிழமை. கல்கத்தா பேராயர் ரெஜினால்டு ஹீபர், திருச்சி கோட்டைப் பகுதியிலுள்ள கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் காலை ஆராதனை நடத்திவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். வெயிலின் களைப்புத் தீரக் குளிக்கச் சென்றவர், நீரிலிருந்து உயிரற்ற உடலாகவே எடுக்கப்பட்டார். அவருக்கு வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவியும் இரு சிறு பெண் குழந்தைகளும் அப்போது கல்கத்தாவில் இருந்தனர்.

இங்கிலாந்தில் புகழ்பெற்ற கவிஞராகவும் போதகராகவும் விளங்கிய ஹீபர், குடும்பத்தின் நலன் கருதி இந்தியப் பதவியை முதலில் மறுத்தார். பின்னர் அதைத் தம் கடமையெனக் கருதி ஏற்றார். இந்தியா வந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. அழைத்த இறைவனே ஏன் பாதியில் முடித்தார் என்ற கேள்வி அன்று பலருக்கும் எழுந்திருக்கும்.

அந்தக் கேள்வி இன்றும் பழையதாகிவிடவில்லை. திடீரென வேலையை இழந்தவர், மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பவர், பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் எனப் பலரும் கேட்பது அதைத்தான். 'எல்லாம் நன்மைக்கே' என்று நாம் உடனே ஆறுதல் கூறிவிடுகிறோம். ஆனால், விவிலியம் அவ்வளவு அவசரப்படுவதில்லை.

துன்புற்ற யோபுவிடம் அவருடைய நண்பர்கள் காரணங்களை அடுக்கினர். இறுதியில் இறைவன் கடிந்துகொண்டது, தம்மிடம் வழக்காடிய யோபுவைவிட, விளக்கம் கூறிய அந்த நண்பர்களைத்தான். சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே துன்பம் நீங்க வேண்டினார், அது நீங்கவில்லை. நடப்பவை அனைத்தும் நல்லவை என்று பவுல் ரோமருக்கு எழுதவில்லை. தீமையின் நடுவிலும் இறைவன் நன்மைக்காகச் செயல்படுகிறார் என்பதே அவர் சொன்னது. கிறிஸ்தவத்தில் நம்பிக்கை என்பது விடை கிடைத்துவிட்ட நிம்மதியன்று. விடை கிடைக்காதபோதும் இறைவனை விட்டு விலகாதிருக்கும் உறவு அது.

காவிரியின் மறுகரையிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, முதிர்ந்த வயதில் நம்பெருமாளின் திருமேனியைக் காக்க ஊரைவிட்டு வெளியேறியவர் பிள்ளை லோகாசாரியர். சரணாகதி நெறியை 'ஸ்ரீவசன பூஷணம்' எனும் நூலில் விளக்கிய அவர், மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் மறைந்தார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371-இல். அதைக் காண அவர் இல்லை. சரணாகதியும் சிலுவையும் வெவ்வேறு இறையியல்களைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒன்றாக்க வேண்டியதில்லை. ஆயினும், பலனைக் கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்ற நிபந்தனையை இரண்டுமே ஏற்பதில்லை.

நம்பிக்கை என்பது கைகட்டி இருப்பதுமன்று. ஹீபரின் மனைவி அமேலியா துயரோடு முடங்கிவிடாமல், கணவரின் பாடல்களையும் 1828-இல் அவருடைய இந்தியப் பயணக் குறிப்புகளையும் பதிப்பித்தார். திரித்துவத்தைப் போற்றி ஹீபர் எழுதிய பாடல் 1861-இல் புதிய இசை பெற்று உலகெங்கும் பரவியது. தமிழ் ஆலயங்களிலும் ஒலிக்கிறது. திருச்சியில் கல்லூரியும் பள்ளியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

இவற்றைக் காட்டி, அந்த மரணம் நல்லதே என்று கூறிவிட முடியாது. தந்தையை இழந்த இரு சிறுமிகளுக்கு எந்தப் பாடலும் ஈடாகாது. இழப்பு இழப்பாகவே இருக்கிறது. ஆனால் கடைசிச் சொல் அதனுடையதன்று என்பதே கிறிஸ்தவரின் நம்பிக்கை.

ஹீபர் மறைந்த 200-ஆம் ஆண்டு நினைவு நாளான 2026 ஏப்ரல் 3, புனித வெள்ளியாகவும் அமைந்தது. சிலுவையின் அடியில் நின்றவர்கள் எவரும் மரியாளுக்கு விளக்கம் கூறவில்லை, உடன் நின்றார்கள். எதிர்பாராத இடியால் கலங்கி நிற்பவருக்கு நாம் செய்யக்கூடியதும் அதுவே. காரணம் கற்பிக்க வேண்டாம், அருகில் இருப்போம்.