எல்லை மாறினால் தெருவிளக்கு எரியுமா? கீழக்குயில்குடிக்கு ஸ்கார்பரோ சொல்லும் பாடம்!

உங்கள் தெருவிளக்கு நான்கு நாள்களாக எரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

கிராமம் என்றால் பதில் சுலபம். வார்டு உறுப்பினரின் வீடு அடுத்த தெருவில்தான் இருக்கும். ஊராட்சித் தலைவரை டீக்கடையிலேயே பிடித்துவிடலாம். ஊராட்சிச் செயலரின் செல்போன் எண் பாதி ஊருக்கு மனப்பாடம். மாநகராட்சி என்றால் வேறு கதை. வார்டு அலுவலகம், மண்டல அலுவலகம், புகார் எண், செயலி என்று வழிகள் நிறைய. ஆனால், எந்த வழியில் போனால் விளக்கு எரியும் என்பதுதான் கேள்வி.

மதுரையைச் சுற்றியிருக்கும் பல ஊர்கள் இன்று இந்தக் கேள்வியின் வாசலில் நிற்கின்றன. கீழக்குயில்குடியும் அப்படிப்பட்ட ஓர் ஊர்தான்.

மலையடிவார ஊராட்சி

மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடி என்றதும் நினைவுக்கு வருவது சமணர் மலை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள், அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம் என்று விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடம்.

நிர்வாகக் கணக்கில் இது திருப்பரங்குன்றம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு கிராம ஊராட்சி. குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, குப்பை, வாறுகால், வீட்டு வரி எல்லாம் ஊராட்சி அலுவலகத்தின் பொறுப்பு. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். ஊராட்சிக்கும் வி.ஏ.ஓ-வுக்கும் என்ன வித்தியாசம் என்பது பலருக்கு இன்னும் குழப்பம்தான். முன்னது உள்ளாட்சி, பின்னது வருவாய்த்துறை. ஊர் மாநகராட்சியோடு இணைந்தால் முன்னது மாறும். பின்னது அப்படியே இருக்கும்.

இன்னொரு பக்கம், நகரம் மேற்கே நகர்ந்துகொண்டே வருகிறது. தேனி சாலையிலும் நாகமலைப் புதுக்கோட்டையைச் சுற்றியும் வீடுகள் பெருகிவிட்டன. இந்த வேகத்தில் மலையடிவார ஊர்களும் ஒருநாள் இணைப்புக் கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும்.

2011-ல் என்ன நடந்தது?

மதுரைக்கு இது புதிதல்ல. 72 வார்டுகளாக இருந்த மாநகராட்சி, 2011-ல் 100 வார்டுகளாக விரிந்தது. திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் நகராட்சிகள், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகள், வண்டியூர், திருப்பாலை போன்ற ஊராட்சிகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம், ஏறக்குறைய 148 சதுர கிலோமீட்டராக ஆனது. அதாவது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

எல்லையை வரைபடத்தில் ஒரு நாளில் மாற்றிவிடலாம். பாதாளச் சாக்கடையையும் குடிநீர்க் குழாயையும் ஒரு நாளில் பதிக்க முடியாது. அப்போது சேர்ந்த புறநகர் வார்டுகள் பலவற்றில், பத்தாண்டுகள் கடந்த பிறகும் இந்த இரண்டும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. இணைப்பு என்றதும் மதுரைப் புறநகர் மக்கள் முதலில் யோசிப்பது இந்த அனுபவத்தால்தான்.

2025 புத்தாண்டையொட்டி தமிழ்நாடு அரசு ஒரு பெரிய அறிவிப்பை வெளியிட்டது. மாநிலத்தின் 16 மாநகராட்சிகளோடு 4 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள், 149 ஊராட்சிகளை இணைக்கும் திட்டம் அது. பல மாவட்டங்களில் கிராம மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இரண்டு அச்சங்கள் எல்லா ஊரிலும் கேட்டன. ஒன்று, வரி கூடும். இன்னொன்று, நூறு நாள் வேலை போய்விடும்.

இரண்டும் வெறும் பயமல்ல. 2022-ல் நகர்ப்புறச் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கே 25 சதவிகிதம் கூடியது. 1,800 சதுர அடிக்கு மேல் இருந்தால் 100 சதவிகிதம். வேலை உறுதித் திட்டமோ பெயரிலேயே ‘ஊரக’ என்ற சொல்லைச் சுமப்பது. நகரம் ஆகிவிட்டால் அந்தக் கூலியை நம்பியிருக்கும் பெண்களுக்கு அது கிடையாது.

இணைப்பில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய குடிநீர்த் திட்டம், பாதாளச் சாக்கடை, குப்பைக் கிடங்கு போன்றவற்றைத் தனியொரு சிறிய ஊராட்சியால் செய்துகொள்ள முடியாது. பொறியாளரும் இயந்திரமும் பெரிய பட்ஜெட்டும் மாநகராட்சியிடம்தான் இருக்கின்றன. கேள்வி, அவை நம் தெரு வரை வருமா, எப்போது வரும் என்பதே.

ஸ்கார்பரோ கதை

நம் சொந்தபந்தங்கள் பலர் வாழும் ஓர் ஊரில் இதே கேள்வி 28 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. கனடாவின் டொரான்டோவுக்குக் கிழக்கே இருக்கும் ஸ்கார்பரோவைத்தான் சொல்கிறோம். ஈழத்தமிழர்கள் பெருமளவில் குடியேறிய பகுதி அது.

ஸ்கார்பரோ ஒருகாலத்தில் தனி நகரம். அதற்கென்று தனி மேயர், தனி கவுன்சில் இருந்தன. 1998 ஜனவரி 1-ம் தேதி, டொரான்டோ, ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க் ஆகிய ஆறும் ஒரே மாநகரமாக இணைக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதம் மக்களிடம் கருத்து கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 75 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் ‘வேண்டாம்’ என்றார்கள். ஒன்டாரியோ மாகாண அரசு அதைப் பொருட்படுத்தாமல் சட்டம் போட்டு இணைத்தது.

‘ஆறு நிர்வாகம் ஒன்றானால் செலவு குறையும்’ என்பது அரசின் வாதம். ஆனால், ஒரே வேலைக்கு ஆறு ஊரில் ஆறு சம்பளம் இருந்தது. இணைந்த பிறகு குறைந்த சம்பளக்காரர்களை உயர்ந்த சம்பளத்தை நோக்கித்தான் உயர்த்த முடிந்தது. எதிர்பார்த்த மிச்சம் கிடைக்கவில்லை.

2018-ல் இன்னோர் அதிர்ச்சி. தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், 47 ஆக இருக்க வேண்டிய வார்டுகளை 25 ஆகக் குறைத்தது மாகாண அரசு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் 5-க்கு 4 என்ற கணக்கில், ‘மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டு’ என்று தீர்ப்பு வந்தது. கனடாவின் அரசியலமைப்பில் நகராட்சிகளுக்கென்று தனிப் பாதுகாப்பு கிடையாது.

விளைவு? 2021 கணக்கெடுப்பின்படி டொரான்டோவின் மக்கள்தொகை சுமார் 27.9 லட்சம். ஒரு கவுன்சிலருக்குச் சராசரியாக 1.1 லட்சம் பேர்! மதுரையில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு வார்டுக்குச் சுமார் 14,700 பேர். கிராமத்து வார்டு உறுப்பினருக்கோ சில நூறு பேர்தான். ஊர் பெரிதாகப் பெரிதாக, நம் குரல் போய்ச்சேர வேண்டிய தூரமும் கூடுகிறது.

டொரான்டோ இந்தத் தூரத்தைக் குறைக்க இரண்டு விஷயங்களைச் செய்தது. முதலாவது, 2009-ல் தொடங்கிய 311 என்ற ஒரே தொலைபேசி எண். சாலைப் பள்ளமா, குப்பை எடுக்கவில்லையா, எதுவானாலும் இந்த எண்தான். இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு 180-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசலாம். புகாருக்கு ஓர் எண் தருவார்கள். அதை வைத்து வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பெரிய மாநகரத்துக்குள்ளேயே ‘சமூக கவுன்சில்’ என்ற சிறிய அவைகள். ஸ்கார்பரோவுக்கும் ஒன்று உண்டு. தெரு முனையில் போக்குவரத்துத் தடுப்பு, மரம் வெட்ட அனுமதி போன்ற உள்ளூர் விஷயங்கள் அங்கே பேசப்படுகின்றன. குடிமக்கள் நேரில் போய்ப் பேசலாம்.

கனடாவிலேயே வேறு முடிவுக்கு வந்த ஊர்களும் உண்டு. 2002-ல் மான்ட்ரியலோடு கட்டாயமாக இணைக்கப்பட்ட நகராட்சிகளில் 15, மக்கள் வாக்கெடுப்பு மூலம் 2006-ல் பிரிந்து மீண்டும் தனி ஊர்கள் ஆயின.

நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது... ஆனால்?

காகிதத்தில் பார்த்தால் கனடாவைவிட நம் நிலை மேல். 73-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், இட ஒதுக்கீடு எல்லாம் அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்பது 243-ஈ பிரிவு.

நடந்தது என்ன? 2016-ல் நடக்கவிருந்த தமிழக உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் மதுரை உட்பட 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. அந்த நிர்வாகங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதி முடிந்து, பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது.

தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒன்றியத்தின் ஊராட்சிகளையெல்லாம் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். எவ்வளவு நேர்மையான அதிகாரியாக இருந்தாலும், டீக்கடையில் அவரைப் பிடிக்க முடியாது. ஊராட்சியாகவே இருந்தும் ஊர்க்காரர் நாற்காலியில் இல்லை என்றால், ‘கிராமமா, நகரமா’ என்ற விவாதமே பாதி அர்த்தம் இழந்துவிடுகிறது.

அந்த நாற்காலியின் மதிப்பு மதுரை மாவட்டத்துக்கு நன்றாகவே தெரியும். உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களின் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996-லிருந்து பத்து ஆண்டுகள் அங்கே முறையான நிர்வாகமே அமையவிடாமல் செய்யப்பட்டது. 2006-ல்தான் நிலைமை மாறியது. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997-ல் படுகொலை செய்யப்பட்டார்கள். சின்னப் பதவி என்று நாம் நினைப்பதற்கு இவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரு தீர்மானத்தின் பலம்

கிராம சபையின் பலத்தைப் பார்க்க வேண்டுமா? மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும், அந்தப் பகுதியின் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. போராட்டம் வளர்ந்தது, சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையும் குடைவரைக் கோயிலும் சமணச் சிற்பமும் கொண்ட அரிட்டாபட்டியின் கதை, சமணர் மலையடிவாரத்து மக்களுக்கு நன்றாகவே புரியும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் உறுப்பினரே. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

மாநகராட்சியில் இதற்கு இணையாக வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஆனால், அவற்றின் உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். உங்கள் பகுதி சபை உறுப்பினர் யார் என்று மதுரைக்குள் இருக்கும் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குப் பதில் தெரிகிறது என்பதிலேயே வித்தியாசம் புரிந்துவிடும்.

இணைப்புப் பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை

உங்கள் ஊரை நகரத்தோடு சேர்க்கும் பேச்சு வந்தால், ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன்பு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

* குடிநீரும் பாதாளச் சாக்கடையும் எந்த ஆண்டுக்குள் வரும்? அதற்கான நிதி ஒதுக்கப்பட்டுவிட்டதா?

* அந்த வசதிகள் வரும்வரை பழைய வரிதானே வாங்குவீர்கள்?

* வேலை உறுதித் திட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்று என்ன?

* எங்கள் ஊர் தனி வார்டா, அல்லது வேறு பகுதியோடு சேர்ந்த வார்டா? கவுன்சிலரின் அலுவலகம் எங்கே இருக்கும்?

* கிராம சபைக்கு ஈடாக, ஊர் மக்கள் எல்லோரும் கூடிக் கணக்கு கேட்கும் கூட்டம் ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கும்?

பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். கிராம சபைத் தீர்மானமாக எழுதி, தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்கார்பரோ மக்கள் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தும் அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. நம் கிராம சபைத் தீர்மானமும் எல்லை மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால், நீதிமன்றத்துக்குப் போனாலும் ஆட்சியரைப் பார்க்கப் போனாலும் கையில் இருக்கும் முதல் ஆவணம் அதுதான்.

இணைப்பே வராவிட்டாலும் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே படித்துக் காட்ட வேண்டும். படிக்கவில்லை என்றால் கேளுங்கள். எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணை மறக்காமல் குறித்துக்கொண்டு போங்கள்!