சொர்க்கப் பறவை பூக்கலையா? வெயிலைக் கவனிங்க!

கல்யாண மேடை அலங்காரத்திலோ, பெரிய ஹோட்டல் வரவேற்பறையிலோ பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சு கொண்டை, நீல நாக்கு, நீண்ட அலகு... பறக்கத் தயாராக நிற்கும் பறவை போலவே இருக்கும் 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' பூ. ஆசைப்பட்டு நர்சரியில் செடி வாங்கி வைக்கிறோம். மூன்று வருடம் ஆகியும் இலைதான் வருகிறது, பூவைக் காணோம். 'ராசியில்லாத செடி' என்று பிடுங்கிப் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் குறை செடியில் இல்லை. நாம் வைத்திருக்கும் இடத்தில்தான்!

அந்தச் செடிதானா?

இந்தப் பெயரில் போனில் தேடினால் மூன்று செடிகள் வரும். நம் ஊர் மயில்கொன்றைக்கும் வெளிநாட்டில் இதே பெயர் உண்டு. கல்வாழை மாதிரி மெல்லிய இலையோடு, சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பது ஹெலிகோனியா. உண்மையான சொர்க்கப் பறவை, ஸ்ட்ரெலிட்சியா. தோல் போல் தடித்த, சாம்பல் பூத்த பச்சை இலை. பூவில் நீலம் கட்டாயம் இருக்கும். ஹெலிகோனியாவுக்கு ஈரமும் அரைநிழலும் பிடிக்கும். அதே கவனிப்பை ஸ்ட்ரெலிட்சியாவுக்குக் கொடுத்தால் பூ வராது.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி. 1773-ல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. இங்கிலாந்து ராணி சார்லட் பிறந்த ஸ்ட்ரெலிட்ஸ் அரச குடும்பத்தின் பெயரையே செடிக்கு வைத்தார்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு...

வெளிநாட்டுக் குறிப்புகள் 'முழு வெயிலில் வையுங்கள்' என்று சொல்லும். அது மிதமான வெயில் அடிக்கும் ஊர்களுக்குச் சரி. கோடையில் 40 டிகிரியைத் தொடும் விருத்தாசலம், கம்மாபுரம், நெய்வேலி பக்கம் அப்படியே செய்தால் இலை ஓரம் கருகும். பயந்துபோய் தொட்டியைத் திண்ணை நிழலுக்கு மாற்றுவோம். இலை பளபளக்கும், பூ நின்றுவிடும்.

இதற்கு நடுவழி காலை வெயில். காலையிலிருந்து 11 மணி வரை, நாலைந்து மணி நேரம் நேரடி வெயில் விழட்டும். அதற்குப் பிறகு நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் நல்ல இடம். மேற்கே முருங்கையோ வேம்போ இருந்தால் இன்னும் நல்லது. சித்திரை, வைகாசியில் மட்டும் நிழல்வலை கட்டலாம். மொட்டைமாடியில் தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். சூடு வேருக்கு ஏறாது.

மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அப்போது வடக்குப் பக்கச் செடிக்கு வெயிலே கிடைக்காது. ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை தொட்டியைப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று தெரிந்துவிடும்.

தண்ணீரும் உரமும்

மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து, தொட்டியின் அடி ஓட்டை அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து அதிகமானால் இலை மட்டுமே செழிக்கும். மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். காற்றில் இலை கிழிவது இயல்பு, அது நோயில்லை. விதையைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தொட்டி மாற்றாதீர்கள்

'தொட்டி சின்னதாகிவிட்டதோ' என்று வருடா வருடம் மாற்றுவது பலர் செய்யும் தவறு. வேர் தொட்டியை நெருக்கி நிரப்பியிருந்தால் இந்தச் செடி நன்றாகப் பூக்கும். தடித்த வேர் உடைந்தால் பூப்பது ஒன்றிரண்டு வருடம் தள்ளிப் போகலாம். கிழங்கை ஆழமாகப் புதைத்தாலும் தாமதமாகும். விதையிலிருந்து வளர்த்தால் முதல் பூவுக்கு 3 முதல் 5 வருடம் ஆகும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிரில் பூப்பது போலக் கொத்துக்கொத்தாக நம் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால், சரியான இடம் கிடைத்தால் ஒரே மடலிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பூ எழும்பி, வாரக்கணக்கில் நிற்கும். நாளைக் காலை 9 மணிக்கு உங்கள் செடி மேல் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முதலில் தொட்டியை நகர்த்துங்கள்.