ஆஸ்பத்திரி கமிட்டியில் உங்களுக்கும் ஒரு நாற்காலி இருக்கு! புழலில் இருந்து மக்கள் பிரதிநிதி ஆவது எப்படி?

காலை ஆறரை மணி. புழல் காவாங்கரை பஸ் ஸ்டாப்பில் மஞ்சப்பையோடு நிற்கிறவர்களில் சிலர் வேலைக்குப் போகிறவர்கள் இல்லை. பையைத் திறந்தால் மடிப்பு கிழிந்த ஓ.பி. சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், மதியத்துக்கு ஒரு டிபன் பாக்ஸ். போகிற இடம் ஸ்டான்லி. அங்கே ஓ.பி. வரிசை, பிறகு லேப் வரிசை, கடைசியாக மாத்திரை வரிசை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் உண்மையான ஆய்வுக் கூட்டமே நடக்கும். எந்த கவுன்ட்டரில் ஆள் இல்லை, எந்த மாடியில் லிஃப்ட் ஓடவில்லை, வீல்சேருக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று அத்தனையும் அங்கே பேசப்படும். புழல் வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். பேச்சும் அத்தோடு இறங்கிவிடும்.

அந்தப் பேச்சைக் கேட்பதற்கென்றே சில மேஜைகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும் நாற்காலி போட வேண்டும் என்று அரசு விதிகளே சொல்கின்றன. சில இடங்களில் சட்டமே சொல்கிறது. அந்த நாற்காலிகள் எங்கே இருக்கு, யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கேட்பது?

இங்கிலாந்தில் இது ஒரு 'போஸ்ட்'

இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்ஸில் 'பேஷன்ட் அண்ட் பப்ளிக் வாய்ஸ் பார்ட்னர்' என்று ஒரு பொறுப்பு உண்டு. புற்றுநோய் சிகிச்சை, மனநலம், மகப்பேறு என்று ஒவ்வொரு கமிட்டிக்கும் ஆள் தேவை என அறிவிப்பு வரும். என்ன வேலை, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன அனுபவம் வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். விண்ணப்பித்து, பேசித் தேர்வாகி உட்கார வேண்டும். போக்குவரத்துச் செலவு தருவார்கள். சில பொறுப்புகளுக்குத் தனியாகப் பணமும் உண்டு. டாக்டராக இருக்க வேண்டாம், சிகிச்சை எடுத்துக்கொண்ட அனுபவமே தகுதி.

நம்ம ஊரில் இதற்கு இப்படி ஒரே பெயரும் ஒரே விண்ணப்பப் படிவமும் கிடையாது. ஆளுக்கொரு சட்டம், இடத்துக்கொரு கமிட்டி என்று சிதறிக் கிடக்கிறது. பலருக்கு இது தெரியாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம்.

எலியில் ஆரம்பித்த சங்கம்

1994-ல் சூரத்தில் பிளேக் பரவியது. நாடே எலிகளைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த நேரம். மத்தியப் பிரதேசம் இந்தூரில் உள்ள மகாராஜா யஷ்வந்த்ராவ் அரசு மருத்துவமனை எலிகளுக்குப் பேர்போனது. மாவட்ட நிர்வாகம் நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டு, மொத்தக் கட்டடத்தையும் சுத்தம் செய்தது. செத்த எலிகள் ஆயிரக்கணக்கில். அந்த வேலைக்கு ஊர் மக்கள் பணமும் உழைப்பும் கொடுத்தார்கள். சுத்தம் செய்தாச்சு, இனிமேல் யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் 'ரோகி கல்யாண் சமிதி'. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது இந்த மாதிரி நாடு முழுக்கப் போனது.

தமிழ்நாட்டில் இதன் பெயர் நோயாளர் நலச் சங்கம். மருத்துவமனைக்கு வரும் கட்டுநிதியில்லாத சிறு தொகைகளை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது இந்தச் சங்கம்தான். உட்கார பெஞ்ச், குடிநீர், கழிவறைக் கதவு, பெயர்ப்பலகை போன்றவை. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வரும் எழுபது வயது அம்மாவிடம் கேளுங்கள், கழிவறைக் கதவு சின்ன விஷயமா என்று.

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இந்தச் சங்கத்தில் அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகளோடு சமூக அமைப்புகளைச் சேர்ந்தவர்களும் இருக்க வேண்டும். நோயாளிகளின் புகாரைக் கேட்பதும் அதன் வேலை. ஆனால் "உறுப்பினர் தேவை" என்று போர்டு மாட்டி யாரும் கூப்பிடுவதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தெருவுக்கே ஒரு சபை

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பகுதிகளில் புழலும் ஒன்று. இப்போது மாதவரம் மண்டலத்துக்குள் வருகிறது. அங்கே இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை நடத்துவது மாநகராட்சி. அப்படியென்றால் மாநகராட்சியின் மக்கள் சபையில் ஆஸ்பத்திரி பற்றிப் பேசலாமா? தாராளமாக.

2022-ல் தமிழக அரசு வார்டு கமிட்டி, பகுதி சபைக்கான விதிகளை வெளியிட்டது. சென்னையின் 200 வார்டுகளில் ஒவ்வொன்றையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை, அதிலிருந்து ஒரு பிரதிநிதி. அவர்கள் கவுன்சிலர் தலைமையிலான வார்டு கமிட்டியில் உட்காருவார்கள். பகுதி சபை ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. பிரதிநிதி பதவிக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். அதனால் கவுன்சிலருக்குத் தெரிந்த முகங்களே வருகிறார்கள் என்ற குறை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பிரதிநிதி ஆகாவிட்டாலும் பரவாயில்லை, சபைக்குப் போய் பேச அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் போதும்.

வாக்காளர். அந்த ஒரு சொல்லில்தான் புழலுக்கே உரிய சிக்கல் இருக்கிறது.

புழலில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021-ல் அரசு இப்படி மாற்றியது. பெயர் மாறியது, குடியுரிமை மாறவில்லை. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கும் குடியுரிமை இல்லையென்றால் ஓட்டு இல்லை. தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போகும் அதே அரசு மருத்துவமனைக்குத்தான் அவர்களும் போகிறார்கள். ஆனால் அதைப் பற்றிப் பேசும் சபையில் அவர்கள் உறுப்பினர் ஆக முடியாது. குடோன்களில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் இளைஞர்களுக்கும் இதே கதைதான், அவர்களின் ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறது.

அடுத்தது சிறை. சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே இருந்த பழைய மத்திய சிறைக்குப் பதிலாக 2006-ல் திறக்கப்பட்டது புழல் சிறை வளாகம். தண்டனைக் கைதிகள், விசாரணைக் கைதிகள், பெண்கள் என மூன்று பிரிவு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. தண்டனையே பெறாத விசாரணைக் கைதிக்கும் அதே நிலை.

ஆனால் இங்கே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. சிறை விதிகளில் 'அலுவல்சாராப் பார்வையாளர்' என்று ஒரு பொறுப்பு உண்டு. அரசு அதிகாரி அல்லாத ஒரு குடிமகனோ குடிமகளோ சிறைக்குள் போய் சாப்பாடு, தண்ணீர், சிறை மருத்துவமனை எல்லாவற்றையும் பார்த்து, கைதிகளிடம் பேசி, பார்வையாளர் புத்தகத்தில் குறிப்பு எழுதலாம். நியமிப்பது அரசு. உயரமான சுவருக்குள் காசநோயோ சிரங்கோ பரவினால் அதைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதிவைக்க இருக்கும் சில வழிகளில் இது ஒன்று. சமூகப்பணி படித்தவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நர்சுகள் யோசிக்க வேண்டிய இடம் இது.

நீங்கள் வராவிட்டால் கூட்டமே செல்லாது

கேட்க ஆச்சரியமாக இருக்கும். புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கும் எந்த மருத்துவமனைக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள்படி அதில் குறைந்தது ஏழு பேர். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்கள். அவர்களில் ஒருவர் 'சாமானியர்', அதாவது டாக்டரோ விஞ்ஞானியோ அல்லாத பொதுமக்களில் ஒருவர். ஒரு பரிசோதனைக்கு ஒப்புதல் கொடுக்கும் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும், அந்த ஐவரில் சாமானியரும் இருந்தே ஆக வேண்டும்.

அவருடைய முக்கிய வேலை என்ன தெரியுமா? நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைப் படிப்பது. "இது எனக்கே புரியலை, எங்க ஏரியா லோடுமேனுக்கு எப்படி சார் புரியும்?" என்று கேட்பது. பத்து டாக்டர்கள் இருக்கும் அறையில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும். தமிழில் படித்து, நிதானமாக யோசிக்கத் தெரிந்தால் போதும், பயிற்சி கொடுப்பார்கள். விருப்பம் தெரிவித்து அந்தக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு ஒரு கடிதமும் சுயவிவரமும் அனுப்பலாம்.

மனநலத்தில் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அமையும் மனநல மறுஆய்வு வாரியங்களில் ஆறு இடங்கள். அதில் இரண்டு, மனநோயை அனுபவித்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் அல்லது அவர்கள் சார்ந்த அமைப்பினருக்கு. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவரின் தலைமையில், விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கப்பட்டேன் என்று ஒருவர் கொடுக்கும் மனுவைக் கேட்டு முடிவு சொல்கிற இடம் அது.

சென்னைக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. எச்.ஐ.வி. என்றாலே முகத்தைத் திருப்பிய காலத்தில், பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து உருவாக்கிய தேசிய அமைப்புகளில் ஒன்று 1997-ல் இங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டு பெண்களுக்கென்று தனி அமைப்பு. மருந்து பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் அவர்கள் கேட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இப்போது காசநோயிலும் மாவட்ட அளவில் காசநோய் மன்றங்கள் உண்டு, அதில் குணமானவர்களுக்கு இடம் தர வேண்டும். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவருக்குத் தெரிந்தது கலெக்டருக்குத் தெரியாது இல்லையா?

விண்ணப்பமே வேண்டாத ஒரு மைக்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கம் மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத்தில்தான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவியிருந்தது. வடசென்னையில் சுகாதாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிப்பதில்லை.

புதிய ஆலையோ விரிவாக்கமோ வந்தால், 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெரும்பாலான பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னறிவிப்பு நாளிதழில் வர வேண்டும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கப்படும். யாரும் உங்களை நியமிக்க வேண்டாம். உங்கள் பகுதியில் ஆஸ்துமா பற்றி, பக்கத்தில் 24 மணி நேர ஆஸ்பத்திரி இல்லாதது பற்றி நீங்கள் சொல்வது கூட்டக் குறிப்பில் ஏறியாக வேண்டும். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.

தாய்லாந்தில் இருந்து வந்த யோசனை

தாய்லாந்து 2007-ல் ஒரு சட்டம் போட்டு, மறு ஆண்டு முதல் தேசிய சுகாதாரப் பேரவை நடத்தத் தொடங்கியது. விவசாயி, டாக்டர், அதிகாரி எல்லோரும் ஒரே மண்டபத்தில் தீர்மானம் போடுவார்கள். அந்த வழியில், 2019-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் இங்கேயும் மாவட்ட, மாநில சுகாதாரப் பேரவைகளைக் கொண்டுவந்தது. இதற்கு ஓட்டர் ஐடி தடையில்லை என்பதால், முகாம்வாசிகளின் பிரச்னையும் புலம்பெயர் தொழிலாளர் பிரச்னையும் போகக்கூடிய இடம் இது.

இதற்கு முன்பும் ஒரு முயற்சி நடந்தது. 2007 வாக்கில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில், கிராம மக்களே சுகாதார சேவைக்கு மார்க் போட்டார்கள். புழல் அப்போது இருந்த திருவள்ளூர் மாவட்டமும் அதில் ஒன்று. நல்லா இருந்தா பச்சை, சுமாரா இருந்தா மஞ்சள், மோசமா இருந்தா சிவப்பு. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. அதிகாரிக்கு சிவப்பு மார்க் பிடிக்காது என்பதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது?

"சமூக சேவையில் ஆர்வம் உண்டு" என்ற வரியை முதலில் அடியுங்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். யாருக்காகப் பேசப் போகிறீர்கள், அவர்களை எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். "அப்பாவுக்கு டயாலிசிஸ், இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை நான்தான் கூட்டிப்போகிறேன்" என்பது ஒரு டிகிரியைவிடக் கனமானது. மருத்துவமனை கான்ட்ராக்டரோ மருந்து கம்பெனியோ உறவு என்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், பின்னால் தெரிந்தால் உங்கள் பேச்சு அத்தனையும் வீண்.

பணம்? நெறிமுறைக் குழுக்களில் பல இடங்களில் ஒரு கூட்டத்துக்கு மதிப்பூதியம் தருகிறார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் எதிர்பார்க்க முடியாது. கூட்டங்கள் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. ஐ.டி. வேலையில் இருப்பவர் ஒரு லீவ் போடலாம். தினக்கூலி வாங்குபவருக்கு அன்றைய கூலி போச்சு. அதனால்தான் இந்த நாற்காலிகளில் ஓய்வுபெற்றவர்களே அதிகம் உட்காருகிறார்களோ என்னவோ. கூட்டத்தை சனிக்கிழமை வைக்கச் சொல்லிக் கேட்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் மொபைலிலேயே போடலாம். மூன்று கேள்வி போதும். இந்த மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் யார் யார்? கடைசியாக எப்போது கூடியது? அந்தக் கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இன்னொரு மனு, அதற்குக் கட்டணம் இல்லை.