சால்வையும் சாவியும்: திருச்சபைப் பணியில் தலித் பெண்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவர் செய்த பணியைப் பேசுவது வழக்கம். இந்த முறை, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாத பெண்களைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவர்கள், சாவு வீட்டில் விடியும்வரை ஜெபம் சொல்கிறவர்கள், அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்கிறவர்கள், கோயிலைக் கூட்டிப் பீடத்துக்குப் பூ வைக்கிறவர்கள். புதுச்சேரியின் கோயில்களும் சபைகளும் நாள்தோறும் இவர்கள் கையில்தான் நடக்கின்றன. இவர்களில் நிறையப் பேர் நம் தெருக்களிலிருந்து போகிறவர்கள்.

அப்படி ஒரு அக்கா எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தார். பெண்கள் தினத்தன்று அவருடைய பங்கில் அவருக்குச் சால்வை போர்த்தியிருந்தார்கள். வாழ்த்துச் சொன்னோம். அவர் சொன்னார்: “இருபது வருஷமா புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றேன். இது எனக்கு ஏழாவது சால்வை. சால்வை வேணாம்பா, சாவி குடுக்கச் சொல்லுங்க. பாடம் நடத்துற ரூமைத் தொறக்கறதுக்கு வாரா வாரம் யாரையாச்சும் கேட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கிறேன்.”

திருச்சபைப் பணியில் இருக்கும் பெண்களை ஊக்கப்படுத்த வேண்டும், ஆயத்தப்படுத்த வேண்டும் என்று எல்லாச் சபைகளும் சொல்கின்றன. ஊக்கப்படுத்துவது சால்வை, ஆயத்தப்படுத்துவது சாவி. முதலாவது தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டாவது ஏன் கிடைப்பதில்லை, அதை எப்படிப் பெறுவது என்பதே நம் பேச்சு.

சுவரும் சேலையும்

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபர் மாதத்துச் செய்தி ஒன்று இருக்கிறது. அன்றைய சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் ஐரோப்பியரும் சாதிக் கிறிஸ்தவர்களும். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு ஏன் இந்தச் சுவர் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களின் சமத்துவப் போராட்டத்துக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்றுகளில் இது ஒன்று.

அதே நாட்களின் குறிப்பில் ஒரு பெண்ணும் வருகிறார். வசதியான சாதிக் குடும்பத்துப் பெண். மெல்லிய சேலையும் நகையுமாக வந்த அவரைப் பாதிரியார் கடிந்து பேசித் திருப்பி அனுப்பியதாகப் பதிவு.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். தலித் மக்கள் ஒரு கூட்டமாகத் தெரிகிறார்கள். சாதிப் பெண் உடையாகவும் நகையாகவும் தெரிகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தலித் பெண் எங்கும் தெரியவில்லை. முறையிடப் போனவர்களில் அவரும் இருந்தாரா, என்ன பேசினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. சுவர் இடிந்தாலும் அவர் இருந்த இடம் வெளிச்சத்துக்கு வரவில்லை.

பள்ளியும் மடமும்

பெண் கல்வியில் இந்த ஊருக்கு நீண்ட வரலாறு உண்டு. குளூனி சபைக் கன்னியர் 1827இல் இங்கே வந்தார்கள். பெண் எழுத்துப் படிப்பது தேவதாசிகளின் வழக்கம் என்று இகழப்பட்ட காலம் அது. 1844இல் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துய்ப்புயி அடிகளார், பெண்களுக்குக் கல்வி தருவதற்காக, இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணுக்குப் பெண்ணே ஆசிரியை என்ற ஏற்பாடு அன்றைக்குப் பெரிய மாற்றம். அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மடத்துக்குள் போன தலித் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று நமக்குச் சொன்னது பாமாவின் ‘கருக்கு’. ஏழைப் பிள்ளைகளுக்கு, தன் மக்களின் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று ஆசிரியப் பணியை விட்டு மடத்தில் சேர்ந்தவர் அவர். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தார். 1992இல் அந்த நூல் வந்தபோது தமிழ் இலக்கியம் அதிர்ந்தது. திருச்சபையும் அதிர்ந்திருக்க வேண்டும். பணி செய்யும் மனமும் படிப்பும் உழைப்பும் இருந்த ஒரு பெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு அமைப்பால் முடியவில்லை என்றால், குறை அந்தப் பெண்ணிடம் இல்லை. பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறவர்கள் ‘கருக்கு’க்குப் பதில் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றவர் திரும்பிப் போகும் இடத்தில் சாதி அப்படியே இருந்தால் அந்தப் பயிற்சி எதற்கு உதவும்?

சட்டத்தில் திறந்த கதவு

கத்தோலிக்கத் திருச்சபையில் வாசகர், பீடத்துணைவர் என்ற நிலையான பணிப்பொறுப்புகள் திருச்சபைச் சட்டப்படி ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. பெண்கள் வாசகம் வாசித்தார்கள், ஆனால் பொறுப்பு அவர்களுடையதாக இல்லை. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியைத் திருத்திப் பெண்களுக்கும் வழி திறந்தார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி ஆசிரியர் என்பதையும் முறையான பணிப்பொறுப்பாக ஏற்படுத்தினார். இந்திய ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கையையும் 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையையும் வெளியிட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 2013இல் ஆந்திரத்தின் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் அதன் முதல் பெண் பேராயரானார்.

ஆகவே, ‘சட்டம் இடம் கொடுக்கவில்லை’ என்ற பதில் பல இடங்களில் இனி செல்லாது. நம் பங்கில் எத்தனை பெண்களுக்கு இந்தப் பொறுப்புகள் முறைப்படி வழங்கப்பட்டிருக்கின்றன, அவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

வேதமும் இந்தக் கேள்விக்குத் துணை நிற்கிறது. கெங்கிரேயா சபையின் பெபேயாளுக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘தியாக்கோனோஸ்’. தன்னைக் குறிக்கவும் அவர் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். நமக்கோ ஊழியக்காரர் என்றால் மேடையில் நிற்பவர், ஊழியக்காரி என்றால் உதவிக்கு நிற்பவர் என்று காது பழகிவிட்டது. கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்கலாமா, வாங்கலாமா என்ற தீட்டுக் கேள்வியில் தொடங்குகிறது அந்த உரையாடல். குடத்தைப் போட்டுவிட்டுப் போய் ஊரையே அழைத்து வந்தவர் அவர். அவரை யாரும் நியமிக்கவில்லை. நம் தெருவில் அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

வெளியிலும் ஒரு பூட்டு

தலித் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அரசுச் சட்டமும் ஒரு பூட்டைப் போட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ஆணையைப் போலவே, புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையும் இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சாராதவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. தெருவில் சாதி இருக்கிறது, சான்றிதழில் இல்லை. பட்டியல் சாதி மாணவிக்குக் கிடைக்கும் உதவித்தொகை, அதே தெருவில் அடுத்த வீட்டுக் கிறிஸ்தவ மாணவிக்கு அந்தப் பெயரில் கிடைக்காது. இறையியலோ சமூகப்பணியோ படிக்க நினைக்கும் பெண் இங்கேயே நின்றுவிடுகிறார்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எறையூரில் 2008 மார்ச்சில் தனிப் பங்கு கேட்டதற்காகத் தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சாதிக் கிறிஸ்தவர் தரப்பில் இருவர் இறந்தனர். 2022இல் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயர் நியமிக்கப்பட்டபோது, தலித் ஆயர் எங்கே என்று கேட்டுப் போராட்டம் நடந்தது. நியாயமான கேள்வி. ஆனால் நாம் எழுதிய கோரிக்கை மனுக்களில், பங்குப் பேரவையில் தலித் பெண்ணுக்கு இடம் என்று எத்தனை முறை எழுதினோம்? பந்தலில் உட்காரப் பெண்களை அழைத்தோம். மனுவை எழுதும்போது அழைத்தோமா?

சாவி என்றால் என்ன?

ஐந்து காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, எழுத்தில் பொறுப்பு. என்ன பணி, எத்தனை ஆண்டுகள், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிய நியமனக் கடிதம். பங்குத்தந்தையோ ஆயரோ மாறினாலும் அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கக் கூடாது.

இரண்டாவது, படிப்பு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும் சென்னை குருகுலத்திலும் தலித் இறையியல் வளர்ந்திருக்கிறது. அரசரடியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்து, கடவுளைத் தாயும் தகப்பனுமாக, ‘பெத்தவரே’ என்று அழைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் படிப்பு மாலை நேரத்தில், நம் தெருவிலேயே, வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும். கணக்கு எழுதுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, மேடையில் பேசுவது எல்லாம் அந்தப் படிப்பில் சேரும்.

மூன்றாவது, பணம். முழுநேரம் உழைப்பவருக்குச் சம்பளம், பகுதிநேரம் உழைப்பவருக்கு மதிப்பூதியம், சாவு வீட்டுக்கு இரவில் போகிறவருக்கு ஆட்டோ செலவு. சேவை என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் கூலி நாளை இலவசமாக வாங்கக் கூடாது.

நான்காவது, பாதுகாப்பு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக உழைப்பவரையும் பணியாளர் என்றே கொள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். சட்ட மாணவர்கள் இதை ஒவ்வொரு பெண்கள் குழுவுக்கும் போய்ச் சொல்லித் தர வேண்டும்.

ஐந்தாவது, முடிவெடுக்கும் இடம். பங்குப் பேரவையிலும் நிதிக் குழுவிலும் தலித் பெண்கள், ஒருவராக அல்ல, குறைந்தது இருவராக இருக்க வேண்டும். தனியாக உட்காரும் பெண்ணைப் பேசவிடாமல் செய்வது எளிது.

பெயரை எழுதுவோம்

பெயரைப் பதிவதன் மதிப்பு இந்த ஊருக்குத் தெரியும். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வந்தவர்கள், புதிய குடும்பப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அவர்களில் தலித் குடும்பங்களும் உண்டு. பதிவேட்டில் ஏறிய பெயரை யாரும் எளிதில் அழிக்க முடியாது என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் தெருவில் திருச்சபைப் பணி செய்யும் ஒரு அக்காவிடமோ ஆயாவிடமோ போய் உட்காருங்கள். எந்த ஆண்டு தொடங்கினார், யார் கற்றுக்கொடுத்தார், எங்கே அவமானப்பட்டார், எதற்காக விடாமல் இருக்கிறார் என்று கேளுங்கள். அவருடைய சம்மதத்தோடு, அவர் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். எழுதியதை முதலில் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். 1745இல் எழுதாமல் விட்டதை இனியும் விட வேண்டாம்.

அந்த அக்காவின் அறைச் சாவிக்காக அவரும் நாங்களும் சேர்ந்து பங்குப் பேரவைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது.